துபாஷிக்கு வேலை போன நாள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் சம்மட்டியும் கடப்பாரையும்தான். பேனாவைப் பிடித்தால் அது வழுக்கிக்கொண்டு தன் போக்கில் போகிறது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பெரிய மனது பண்ணித் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில், தங்கள் குடும்பத்தில் ஆண்டவர் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லுவது வழக்கம். என் முறை நெருங்கும்போதெல்லாம் எனக்கு எங்கிருந்தோ இருமல் வந்துவிடும். வெளியே போய் மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுவேன். போன மாதம் போதகர் என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். "இருமல் பேனாவுக்கு வராதில்ல அண்ணே? எழுதிக் குடுங்க, நான் வாசிச்சிடறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இப்படி நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிறவன், ஒரு காலத்தில் இரண்டு பெரிய மனிதர்களுக்கு வாயாக இருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில் இருந்தோம். நீளமான பலகைக் கட்டடம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. எங்கள் அறைக்கு அடுத்த அறையில் சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒரே தம்பி, சித்தியோடு இருந்தார். நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரைவரைக்கும் போகாது. எங்கள் வீட்டில் கடுகு தாளித்தால் சித்தப்பா வீட்டில் தும்முவார்கள். அப்பாவும் சித்தப்பாவும் தண்டவாள வேலையில் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். சிலீப்பர் கட்டைக்கு அடியில் கல் இறுக்குகிறவர்கள் எதிரும் புதிருமாக நின்று மாறி மாறி அடிக்க வேண்டும். அந்த வேலையில் அவர்களைப் போல் ஜோடி கிடையாது என்று கூலிகளை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லுவார். காலை முதல் மாலைவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அடிப்பார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

காரணம் ஒரு சேவல். நான் நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில், அப்பா ஆசையாக வளர்த்த சேவல் ஒன்று இருந்ததாம். அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கிள்ளானிலிருந்து விருந்தாளிகள் திடீரென்று வந்துவிட்டார்கள். சித்தப்பா வேறு வழி தெரியாமல் சேவலை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார். அண்ணனுக்கென்று ஒரு தொடையை மூடியும் வைத்தார். அப்பா வந்து மூடியைத் திறந்து பார்த்தார், திரும்ப மூடினார். அன்றைக்கு மூடினது சட்டியை மட்டும் இல்லை.

அப்பாவுக்கு இது புதிதாக வந்த குணமும் இல்லை. ஊரில் எங்கள் தாத்தா, வேலியோரம் நின்ற ஒரு பனைமரத்துக்காகத் தன் அண்ணனோடு பேச்சை விட்டவர். ஒரே கோயிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்களாம். கடைசியில் அண்ணன் செத்து, சவப்பெட்டி தெருவில் வந்தபோது, தாத்தா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். சின்னப் பையனாக இருந்த அப்பா கதவுக்கு உள்பக்கம் நின்று, பாட்டுச் சத்தம் வந்து, கிட்டத்தில் கேட்டு, தூரமாகப் போனதைக் கேட்டாராம். எங்கள் வீட்டில் இதை ஒரு பெருமை போலத்தான் சொல்லுவார்கள். ரோஷக்காரக் குடும்பம் என்று.

பேச்சை விட்டாலும் பேச வேண்டிய விஷயங்கள் இருந்துகொண்டுதானே இருக்கும்? ஏணி வேண்டும், கத்தி தீட்ட வேண்டும், கூரை ஒழுகுகிறது. அதற்கெல்லாம் நான். கோர்ட்டில் துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்று, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்லுகிறவனை அந்நாளில் துபாஷி என்பார்கள். லயத்தில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"டேய், அந்த மடையன்கிட்ட சொல்லு, ஏணிய எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு."

பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தப்பாவுக்கு இது தெளிவாகக் கேட்கும். ஆனாலும் நான் வாசலால் சுற்றிக்கொண்டு போகும்வரை காத்திருப்பார். நான் போய், "சித்தப்பா, ஏணி வேணுமாம் அப்பாவுக்கு" என்பேன்.

"மடையனுக்கு ஏணி எங்க இருக்குன்னு தெரியாதுன்னு சொல்லு."

நான் திரும்பி வந்து, "பின்னாடி இருக்காம்ப்பா" என்பேன்.

வசவையெல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டு, விஷயத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வழக்கம். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் சொந்தக் காரியத்துக்கு வாய் திறக்கக் கூசுகிற பிள்ளை நான். கடையில் உப்பு வேண்டும் என்று கேட்கக்கூட அம்மாவின் சேலைக்குப் பின்னால் நிற்பேன். இந்த வேலையில் மட்டும் எனக்கு ஒரு மிடுக்கு இருந்தது. நான் இல்லாவிட்டால் இரண்டு வீடும் நின்றுபோகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தங்கை அப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. தம்பிக்கும் எனக்கும் சண்டைச் சிலந்தி பிடிப்பதில் பைத்தியம். புதரில் பிடித்து, தீப்பெட்டிக்குள் பச்சை இலை வைத்து அடைத்துவைப்போம். ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் தம்பி என் சிலந்தியை எடுத்து அடுத்த லயத்துப் பையனுடைய சிலந்தியோடு மோதவிட்டான். என்னுடையது செத்துப்போயிற்று. அதன் காலில் ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினான். என்னை ஆறுதல் படுத்துகிறானாம்.

நான் தீப்பெட்டியை மூடினேன். அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. அவனும் சளைத்தவனில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர்ச் செம்பு அவன் பக்கம் இருந்தது. நான் தங்கையைப் பார்த்து, "பாப்பா, அவன்கிட்ட சொல்லு, செம்ப இங்க தள்ளச் சொல்லு" என்றேன்.

தங்கை அவனிடம் தவழ்ந்து போய், "செம்பு... செம்பு..." என்றது.

"கைய நீட்டி எடுத்துக்கச் சொல்லு பாப்பா" என்றான் அவன்.

"கை... கை..." என்று என்னிடம் வந்தது.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா! நம்ம ரத்தம்டி. ரோஷத்தப் பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா சிரிப்பதும் கேட்டது. ஒரே விஷயத்துக்கு இருவரும் சேர்ந்து சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அம்மா சிரிக்கவில்லை. அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் திரும்பினார்.

அந்த வாரம் எங்கள் அறையில் வீட்டு ஜெபம். உபதேசியார் வந்து யோசேப்பின் கதையைச் சொன்னார். அண்ணன்மார் அவரோடு நல்ல வார்த்தை பேசமாட்டாமல் இருந்தது, குழியில் போட்டது, விற்றது எல்லாம். அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் என்றார். பிள்ளைகளில் ஒருவனைத் தூக்கி ஒருவனைத் தாழ்த்துவது தகப்பன் யாக்கோபு தான் பிறந்த வீட்டில் கண்டது. அதைத் தன் வீட்டிலும் செய்தார். ஆட்டுத்தோலைப் போர்த்தித் தகப்பனை ஏமாற்றினவரை, அவர் பிள்ளைகள் ஆட்டு ரத்தத்தைக் காட்டி ஏமாற்றினார்கள். "சொத்து மாதிரி இதுவும் கைமாறிக்கிட்டே வருது பாத்தீங்களா" என்றார். விளக்குக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் சித்தப்பாவும் உட்கார்ந்து, யாரோ பாவப்பட்ட குடும்பம் என்பது போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எகிப்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்ததும், யோசேப்பு அவர்களை அடையாளம் கண்டும் காட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு துபாஷியை வைத்துப் பேசினதும் வந்தது. துபாஷி என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துபோயிற்று. வேதத்திலேயே என் வேலை இருக்கிறதே என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கேட்டார். "அய்யா, அந்தத் துபாஷி அப்புறம் எங்க போனான்?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டத்தில் வாய் திறந்து நான் கண்டதில்லை. உபதேசியார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அவனப் பத்தி அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. கடைசியில யோசேப்பு எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாரு. அவனும் போயிருப்பான். அதுக்கப்புறம் தம் சொந்த வாயாலதான் பேசினாரு, அழுதாரு. அவங்களும் பேசினாங்க."

"ஓ, வெளிய அனுப்பிட்டாரா" என்றார் அம்மா. அவ்வளவுதான். தங்கையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வயலும் இல்லை, அறுப்பும் இல்லை. ஆனாலும் ஊரில் கொண்டாடினதை விடாமல் கொண்டாடினோம். ரயில் பாதையோரம் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் போட்ட பூசணி, கிழங்கு, வாழைத்தார், வீட்டில் வளர்த்த கோழி, இவற்றைக் கோயிலில் ஆல்டர், அதாவது பலிபீடத்தின் முன்னால் படைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் அசனம், அதாவது ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. மற்ற வருஷங்களில் அம்மா நல்ல கொழுத்த கோழியாகக் கொண்டுபோவார். அந்த வருஷம் கோழியைக் கூடையைப் போட்டு மூடிவிட்டு, ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கும் ஒரு மூட்டை தேங்காயும் எடுத்துவைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுப் பிள்ளைகள் கோழியோடு வருவார்கள், நாங்கள் கிழங்கோடா?

அதோடு விடவில்லை. வீட்டிலிருந்த தேங்காய்த் துருவியையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அது மலாய்க்காரர் கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், வாங்கினது. குதிரைக்குட்டி போல நாலு கால் வைத்த கனமான மரப்பலகை. மேலே ஏறி உட்கார்ந்துதான் துருவ வேண்டும். முன்பக்கம் என்னையும் பின்பக்கம் தம்பியையும் தூக்கச் சொன்னார். பேசாமல் இரண்டு பேர் ஒரு சாமானைத் தூக்கிப் பாருங்கள். நான் நின்றால் அவன் நிற்க மாட்டான். அவன் வளைந்தால் எனக்குத் தெரியாது. கோயில் போய்ச் சேருவதற்குள் இரண்டு பேர் முழங்காலும் சிராய்த்துவிட்டது.

புறப்படும் முன் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அப்பா காதிலும், பலகைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"இன்னையிலருந்து நீ யாருக்கும் துபாஷி இல்ல. ஒருத்தர் பேச்ச இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோனேன்னா, பந்தியில உனக்கு இலை கிடையாது. பாப்பாவுக்கும் அதேதான்."

அப்பா, "என்னடி இது புதுச் சட்டம்?" என்றார். அம்மா கிழங்கு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. வேலையிலிருந்து தள்ளப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் சபையில் அசனத்துக்குக் கறி சமைப்பது எப்போதும் அப்பாவும் சித்தப்பாவும்தான். ஆட்டுக்கறிக் குழம்பு, கோயிலுக்குப் பின்னால் பெரிய கிடாரத்தில். கறியை வெட்டி வதக்குவது சித்தப்பா, மசாலாவும் அடுப்பும் அப்பா. மற்ற நேரங்களில் நான் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். "மல்லி போட்டாச்சாம்", "தண்ணி போதுமாம்", "உப்பு அவர் போட்டுட்டாராம்." அன்று என்னையும் தம்பியையும் கோயிலுக்குள் போய் முன்வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டார் அம்மா. தான் மட்டும் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் அசனச் சாப்பாட்டை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். முதலில் ஆண்டவருக்கு, பிறகுதான் நமக்கு. வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லை என்று உபதேசியார் சொல்லிப் பார்த்தார். ஊரிலிருந்து வந்த பழக்கம், யார் விடுகிறார்கள்? சிரட்டையால் அளந்து உப்பைப் போட்டுவிட்டு, நம்பிக்கையோடு மூடிவைப்பார்கள்.

ஆராதனை முடிந்தது. புல்தரையில் பாய் விரித்து, பந்தி உட்கார்ந்தது. சோறு வந்தது, குழம்பு வந்தது. உபதேசியார் ஜெபித்தார். ஆமென் சொல்லி எல்லாரும் முதல் வாயை வைத்தார்கள்.

அப்படி ஒரு அமைதியை நான் ஆராதனையில்கூடக் கண்டதில்லை.

முதலில் வாய் திறந்தவர் மண்டோர். தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, "என்னப்பா இது? போர்ட் சுவெட்டன்ஹாம் கடல ரயில்ல ஏத்திக்கிட்டு வந்து ஊத்திட்டீங்களா?" என்றார்.

"லோத்து பொண்டாட்டி உப்புத்தூணா நின்ன இடத்துல அடுப்பு வச்சிருப்பாங்க" என்றாள் ஒரு பெண். பந்தி முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்கள் கண்ணிலும் தண்ணீர்; அது சிரிப்பால் வந்ததோ உப்பால் வந்ததோ.

அப்பா கிடாரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார். சித்தப்பா அந்தப் பக்கம். இருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. அந்தச் சபையில் அவர்களுக்கு இருந்த ஒரே பெயர், கறிக் கைப்பக்குவம். பழக்க தோஷத்தில் அப்பா என்னைத் தேடினார்.

"டேய், கேளு அவன்கிட்ட. உப்பு போட்டானான்னு கேளு."

அதே நேரத்தில் சித்தப்பாவும், "உங்கப்பா போட்டாரான்னு கேளுடா" என்றார்.

நான் இலையில் கையை வைத்தபடி அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கிக்கொண்டே, "அவனுக்கு வேலை போயிடுச்சு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "உங்க தம்பி எதிர்க்கதான நிக்கறாரு. கிடாரம் ஒண்ணுதான நடுவுல."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் தாடை இறுகிற்று. எனக்கு அந்த இறுக்கம் தெரியும். அப்படி இறுகினால் சட்டியை மூடிவிடுவார், நடந்து போய்விடுவார். அவர் கையிலிருந்த, குழம்பு கிளறுகிற துடுப்பைக் கீழே வைக்கப் பார்த்தார்.

அப்போது மண்டோர், பாவம், சூழ்நிலையை லேசாக்கலாம் என்று நினைத்து ஒரு வார்த்தை சொன்னார். "விடும்மா. மூத்தவனுக்கு வேலை போனா என்ன? இவன் தம்பியோட பேசறதில்லையாமே, அதுக்கு பாப்பா துபாஷியாம். பரம்பரை உத்தியோகம் லா!"

எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் இதே விஷயத்துக்கு வாய்விட்டுச் சிரித்த அப்பா, இப்போது சிரிக்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் பந்தியின் இந்தக் கோடியில்; தம்பி அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடுவில் தங்கை, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்லச் சொல்லுவார்களா என்று தயாராக உட்கார்ந்திருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். எதையோ தூரத்தில் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிடாரத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "தம்பி, நீ உப்பு போட்டியா?"

சித்தப்பா கையில் இருந்த கரண்டி நழுவிக் கிடாரத்துக்குள் விழுந்துவிட்டது.

"போட்டேண்ணே" என்றார். "நீங்க?"

"நானும் போட்டேன்."

"எவ்வளவுண்ணே?"

"நீ போட்ட அளவுதான். எனக்கும் உனக்கும் ஒரே கைதான."

இதுதான் அவர்கள் பேசினது முழுவதும். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அது வராது. ஆனால் உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிஷமே அப்பாவுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "உப்ப இழுக்க கிழங்கு வேணும்டா. கிழங்கு, பூசணி, தேங்காய்ப் பால். எங்க போறது இப்ப?" என்றார். பாசார்க் கடைத்தெருவுக்கு ஓடி வருவதற்குள் பந்தி எழுந்துவிடும். அம்மா கோயிலுக்குள் கையைக் காட்டினார். ஆல்டர் முன்னால் எல்லாம் குவிந்து கிடந்தது.

அப்பா தயங்கினார். படைத்ததை எடுப்பதா? உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார், "சகோதரனோட மனஸ்தாபம் இருந்தா காணிக்கைய அங்க வச்சிட்டு, முதல்ல போய் ஒப்புரவாகச் சொல்லித்தான இயேசு போதிச்சிருக்காரு. ஒப்புரவாகறதுக்கே காணிக்கை வேணும்னா, எடுத்துக்குங்கப்பா. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

அவ்வளவுதான். பந்தியே எழுந்துவிட்டது. ஆல்டரிலிருந்து பூசணிகள் உருண்டு வந்தன. "அண்ணே, எவ்வளவு பெருசா வெட்டறது?" என்று சித்தப்பா கத்த, "கரையாத அளவுக்கு வெட்டுடா, மடையா!" என்று அப்பா கத்தினார். அந்த 'மடையன்' வழியில் கொட்டாமல் நேரே போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சித்தப்பா முகம் முழுக்கச் சிரித்தார். பெண்கள் கிழங்கு உரித்தார்கள். அம்மா துருவியின் மேல் ஏறி உட்கார்ந்து, அன்றைக்குத் துருவின துருவலை நான் வேறு எந்த நாளும் கண்டதில்லை. கிராணியின் மனைவி பட்டுச் சேலையோடு பால் பிழிந்தாள்.

குழம்பு பெருகிப் பெருகி, இன்னொரு கிடாரம் வேண்டியதாயிற்று. சபை சாப்பிட்டும் தீரவில்லை. லயத்திலிருந்த மற்றவர்கள், மாரியம்மன் கும்பிடுகிறவர்கள், துணி விற்க வந்த ஒரு மரைக்காயர், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். பூசணியும் கிழங்கும் தேங்காய்ப் பாலும் போட்ட அந்த ஆட்டுக்கறிக் குழம்பு இன்றைக்கும் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக் குழம்பு. காரணம் தெரியாமலே இளைஞர்கள் அப்படிச் சமைக்கிறார்கள்.

கடைசிப் பந்தியில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா தன் இலையிலிருந்து ஒரு நல்ல துண்டை எடுத்து அப்பா இலையில் வைத்தார். "அன்னைக்கு வச்ச தொடை, அண்ணே" என்றார்.

"அது கிழட்டுச் சேவல்டா" என்றார் அப்பா. "நான் இருந்திருந்தாலும் அதத்தான் அறுத்திருப்பேன்." சொல்லிவிட்டு அந்தத் துண்டைச் சாப்பிட்டார்.

திரும்புகிற நேரம் துருவியைத் தூக்க எங்களைக் கூப்பிட்டார் அப்பா. என்னையும் தம்பியையும் ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி, எங்கள் சிராய்ப்பைப் பார்த்தார். "பேசிக்கிட்டே தூக்குங்கடா. பேசாம தூக்கினா கால்லதான் விழும்" என்றார். அப்புறம் மெல்ல, "எங்கப்பா கதவச் சாத்தினப்ப நான் உள்ளதான் நின்னேன்" என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

நான் முன்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் பள்ளம் வந்தது. "பள்ளம்டா" என்றேன்.

"சரிண்ணே" என்றான் பின்னாலிருந்து.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷம் ஆகிறது. அப்பா இறந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா. சவப்பெட்டி லயத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை. சித்தப்பா வீட்டுக் கதவைக் கீலிலிருந்தே கழற்றிவைத்திருந்தார்கள், பெட்டியை உள்ளே கொண்டுவந்து ஒரு நிமிஷம் இறக்கிவைக்க. நான் இப்போது கிள்ளானில் இருக்கிறேன். தம்பி பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறான். மாதச் சம்பள வாரத்தில் அவன் ரயிலேறி வருவான், அடுத்த மாதம் நான் போவேன். சண்டை போடாமல் ஒரு தடவையும் பிரிந்ததில்லை. ஆனால் சண்டையை நேருக்கு நேர்தான் போடுகிறோம். எங்கள் பிள்ளைகளுக்குத் துபாஷி என்றால் என்னவென்று தெரியாது. எனக்கு வேறு சொத்து இல்லை. இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை.

நான் அப்போது யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. போன பண்டிகைக்குத் துருவியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது. அந்த முதல் தடவை நாங்கள் துருவியைத் தூக்கிப்போனது காலையில். குழம்பு அடுப்பில் ஏறும் முன்பு. அந்நாளில் எங்கள் ஆட்டுக்கறிக் குழம்பில் தேங்காய் சேர்ப்பதே கிடையாது. கோழியை விட்டுக் கிழங்கும் தேங்காயும் காணிக்கையாகப் போனதும் அந்த வருஷம் மட்டும்தான். அடுப்புக்கு எதிரில் அத்தனை நேரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவருக்கு, இரண்டு பேர் தனித்தனியாக வந்து சிரட்டையால் உப்பு அள்ளினது கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

அம்மா என்னோடுதான் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"உப்பு கரிச்சா சரி பண்ணிடலாம்யா" என்றார். "நீயும் உன் தம்பியும் ஆளுக்கொரு மூலைல உக்காந்திருந்தீங்களே, அதுக்கு நான் எங்க போய் கிழங்கு தேடுவேன்?"

அன்றைக்கு எனக்கு வேலை போயிற்று என்று அழுதேன். அம்மா எனக்கு ஒரு தம்பியைத் திருப்பித் தந்தார் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை.

கிள்ளான்,
1938 அக்டோபர் 8, சனிக்கிழமை.